சீட்டுக்கு ஆள் வருது

கொளஞ்சிக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தையை அவரளவுக்கு ஆண்டு அனுபவித்தவர் கடலூர் மாவட்டத்தில் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்த வார்த்தை சீட்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஃபைல் தூக்குவது, டீ வாங்குவது, பெல் அடித்தால் ஓடுவது. அந்த ஆபீசில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, சீட்தான். ஏ-ஒன் சீட், பி-த்ரீ சீட் என்று வரிசையாக உண்டு. 'உங்க ஃபைல் பி-த்ரீ சீட்ல இருக்குது' என்றால் நாற்காலியில் போய்த் தேடக் கூடாது, அந்த வேலையைப் பார்க்கிற குமாஸ்தாவைத் தேட வேண்டும். 'சார் சீட்ல இல்ல' என்றால் டீ குடிக்கப் போயிருக்கிறார். 'அந்த சீட்டே காலி' என்றால் ஆளையே மாற்றிவிட்டார்கள், இன்னும் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அர்த்தம்.

ஆபீசை விட்டு வெளியே வந்தாலும் அதே கதைதான். மச்சான் சுப்பராயலு ஆறு வருஷமாகக் கட்சியில் கவுன்சிலர் சீட் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற சீட்டெல்லாம் கிடைத்தால் உட்காரலாம், இந்த சீட் மட்டும் கிடைத்தால் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கிவிட்டு, இரண்டு வருஷமாகத் தூக்கம் வராமல் படுத்துக் கிடக்கிறார். இத்தனை சீட்டுக்கு நடுவில் கொளஞ்சிக்கென்று ஆபீசர் அறை வாசலில் இருந்தது ஒரு ஸ்டூல். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஸ்டூலை யாரும் சீட் என்று சொல்வதில்லை.

ஆனால் பஸ் சீட் என்று வந்துவிட்டால் கொளஞ்சிதான் ராஜா.

சூப்பிரண்டு திருநாவுக்கரசு கீரப்பாளையத்துக்காரர். தினம் சிதம்பரம் போய், அங்கிருந்து ஊருக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் நாலே முக்காலுக்கே கொளஞ்சி தோளில் துண்டோடு கிளம்பிவிடுவார். பஸ் உள்ளே திரும்பி வேகம் குறையும்போதே பக்கத்தில் ஓடி, காலியாகிற சீட் எது என்று கண்ணாலேயே அளந்து, துண்டைச் சுருட்டி ஜன்னல் வழியாக விட்டால் அது குறி தவறாமல் விழும். இடது பக்கம், ஜன்னலோரம், வெயில் படாதது. ஐந்தேகாலுக்கு சூப்பிரண்டு வெற்றிலை மென்றபடி நடந்து வந்து, துண்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு உட்காருவார். தாங்க்ஸ் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. கொளஞ்சியும் எதிர்பார்த்ததில்லை.

துண்டு விழுந்த சீட்டில் அடுத்தவர் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஹெல்மெட் போடச் சொன்னால் சண்டைக்கு வருகிற ஊர், வரிசையில் நிற்கச் சொன்னால் முறைக்கிற ஊர், இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கியது. துண்டு, கர்சீப், மஞ்சள் பை, குடை, ஒற்றைச் செருப்பு என்று எது விழுந்தாலும் செல்லும். யாராவது முனகினால், 'சீட்டுக்கு ஆள் வருது' என்றால் போதும். வராத ஆளுக்கு அவ்வளவு மரியாதை.

இருபது வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து, உலகமே இப்படித்தான் நடக்கிறது என்று கொளஞ்சிக்குத் தோன்றிவிட்டது. முதலில் துண்டைப் போட்டவனுக்குத்தான் சீட். வரிசை, நியாயம், மார்க் என்பதெல்லாம் பின்னால் நிற்பவர்கள் ஆறுதலுக்குப் பேசிக்கொள்வது.

மகள் இளவரசி ப்ளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். சின்ன வயசிலிருந்து அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். வேறு எதையும் அவள் வாயால் சொன்னது கிடையாது. சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டாள். அங்கே டொனேஷன் கிடையாது, சிபாரிசு செல்லாது, மார்க் மட்டும்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

"அப்படித்தான் சொல்வாங்க" என்றார் கொளஞ்சி. "நாம துண்டு போட்டு வைக்கணும்."

போட்டார். சூப்பிரண்டிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பிரின்ஸிபல் நமக்கு வேண்டியவங்கதான்யா. ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். சீட் ஒனக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து கொளஞ்சி நாலே முக்காலுக்குப் பதில் நாலரைக்கே கிளம்பினார்.

முதல் பட்டியல் வந்தது. இளவரசி பெயர் இல்லை. இரண்டாவது பட்டியலிலும் இல்லை. ஜூன் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஓர் இடம் காலியாகியிருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் முதல் எண் இளவரசி, நாளை மறுநாள் காலை பதினோரு மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், தவறினால் இரண்டாவது எண்ணுக்கு இடம் கொடுக்கப்படும்.

"சார் வேலையைக் காட்டிட்டாரு பாத்தியா" என்று மனைவி ரத்தினம்மாளிடம் சொல்லும்போது கொளஞ்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரோ ஒரு புள்ள வேற காலேஜுக்குப் போயிருக்கும்பா. அதான் காலியாயிருக்கு" என்றாள் இளவரசி. அது அவர் காதில் ஏறவில்லை.

அந்த நாள் சிதம்பரத்தில் ஆனித் தேர். கொளஞ்சிக்கு அது தெரியும், அதனால் அப்பாவும் மகளும் ஏழரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். தெரியாமல் போனது கூட்டத்தின் அளவு. வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் படிவரை நிறைந்து வந்தது.

இன்னொன்றும் அன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தது. கொளஞ்சி தோளில் துண்டு இல்லை. புறப்படும்போது இளவரசி தடுத்துவிட்டாள்.

"காலேஜுக்கு வர்றப்பா. பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு எதுக்கு துண்டு? நல்லாவா இருக்கு?"

மகள் சொன்னால் சரி என்று கொடியிலேயே விட்டுவிட்டு வந்தார். கையில் இருந்தது நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றுதான். ரத்தினம்மாள் அதைச் சாமி முன்னால் வைத்து நாலு மூலையிலும் குங்குமம் தொட்டுக் கொடுத்திருந்தாள். உள்ளே பத்தாவது மார்க் ஷீட், ப்ளஸ் டூ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், அந்தக் கடிதம்.

எட்டரைக்கு ஒரு பாண்டிச்சேரி வண்டி உள்ளே நுழைந்தது. நெரிசலில் படியிலேயே நாலைந்து பேர் தொங்கினார்கள். நுழைவாசலிலேயே ஒரு பெரியவர் கத்தி வண்டியை நிறுத்தி இறங்கினார். முன்பக்கத்திலிருந்து இரண்டாவது வரிசை, இடது பக்கம், ஜன்னலோரம். அந்த சீட் காலியானதைக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கவனித்தவர் ஒரே ஒருவர்தான்.

கொளஞ்சி ஓடினார். யோசித்து ஓடவில்லை. கால் ஓடியது, கண் அளந்தது, கை தோளுக்குப் போனது. தோளில் ஒன்றும் இல்லை. கையில் இருந்ததை விட்டார். நீல ஃபைல் ஜன்னல் வழியாகப் போய் சீட்டின் நட்டநடுவில் விழுந்தது.

"சீட்டுக்கு ஆள் வருது!" என்று கத்தினார்.

உள்ளே ஒரு கறுத்த, ஒல்லியான அம்மாள் அந்த சீட்டில் உட்காரக் குனிந்தவள், ஃபைலைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றுவிட்டாள். அவ்வளவுதான் கொளஞ்சி பார்த்தது. மகளுக்கு சீட் பிடித்துவிட்ட பூரிப்போடு படியைப் பார்த்து ஓடினார். படியில் கால் வைக்க இடமில்லை. முன்படி இல்லையென்றால் பின்படி என்று ஓடினார், அங்கே இன்னும் மோசம். டிரைவர் கூட்டத்தைப் பார்த்தார். இதில் நின்றால் வண்டி நகராது என்று தெரிந்துகொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமலே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போய்விட்டார்.

கொளஞ்சி பாரதி சாலைவரை துரத்தினார். நாற்பத்தெட்டு வயசு. வண்டி முதுநகர்ப் பக்கம் திரும்பி மறைந்தது.

திரும்பி வந்தபோது இளவரசி அதே இடத்தில் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒன்ன யாருப்பா சீட் புடிக்கச் சொன்னது?" என்றாள்.

கொளஞ்சி ஒரு ரூபாய் போன் பெட்டிக்கு ஓடி சூப்பிரண்டைக் கூப்பிட்டார். சூப்பிரண்டு தேருக்காக லீவு போட்டிருந்தார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"ஃபைலையா போட்ட? யோவ், ஒனக்கு அறிவு கெட்டுப்போச்சா? சரி சரி, நான்தான் சொல்லி வச்சிருக்கேன்ல. பிரின்ஸிபல்கிட்ட எம்பேரச் சொல்லு. நாளான்னிக்கு ஆபீஸ் இருக்குல்ல, சாயங்காலம் மறந்துடாத."

அடுத்த வண்டிக்குள் அப்பாவும் மகளும் எப்படியோ நுழைந்துவிட்டார்கள். ஆலப்பாக்கம் வரை ஒற்றைக் காலில் பயணம். வழியெல்லாம் கொளஞ்சி சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். யாரோ ஃபைலைத் தூக்கி வெளியே எறிந்திருப்பார்கள், மார்க் ஷீட் உப்பங்காற்றில் பறந்துகொண்டிருக்கும் என்று ஒரு நினைப்பு. புதுச்சத்திரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்துவிட்டு "நிறுத்து நிறுத்து" என்று கத்தி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினார். இளவரசி அவர் பக்கமே திரும்பவில்லை.

தேர் காரணமாக அதற்குள் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர மணி பத்தே முக்கால். டைம் கீப்பர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அந்த வண்டி நாகப்பட்டினம் போயிடுச்சே. கௌம்பி அரை மணி நேரம் ஆவுதே" என்றார்.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது காலேஜுக்குள் நுழைந்தார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரம் நிறைந்த அமைதியான இடம். ஆபீஸ் அறையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். எதிரில் ஒரு நாற்காலி. யாரும் அதில் உட்காரச் சொல்லவில்லை.

"வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணு, இளவரசி. வந்தாச்சா? ஒரிஜினல் குடுங்க."

"ஒரிஜினல் பஸ்ல போயிடுச்சும்மா" என்றார் கொளஞ்சி.

"தொலைச்சிட்டீங்களா?"

"தொலைக்கலம்மா. சீட் புடிக்கப் போட்டேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எதை?"

"ஃபைலைம்மா. கையில துண்டு இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஆனால் இளவரசியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். கொளஞ்சி மெதுவாக மேஜைப் பக்கம் குனிந்து, "திருநாவுக்கரசு சார் பிரின்ஸிபல் அம்மாகிட்ட சொல்லியிருக்காரு" என்றார்.

"யாருங்க அது?"

"சூப்பிரண்டு. கீரப்பாளையம்."

"அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதுங்களே. இங்க யாரும் சொல்லவும் மாட்டாங்க, சொன்னா கேக்கவும் மாட்டோம்" என்றார் அந்த அம்மாள் மிகவும் சாதாரணமாக. கொளஞ்சிக்கு இருபது வருஷத்து வெயிலும் ஒரே நேரத்தில் தலையில் இறங்கியது. ஒரு வார்த்தை. அந்த ஆள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஒரிஜினல் இல்லாம அட்மிஷன் போட எனக்கு அதிகாரம் கெடையாது. ரெண்டாவது பொண்ணு வந்திருந்தா அந்தப் பொண்ணுக்குத்தான். வரலைன்னா, நாளைக்கு வரைக்கும் உங்களுக்கு டைம் கேட்டுப் பாக்கலாம்."

கொளஞ்சி அப்போது ஒரு காரியம் செய்தார். பிற்பாடு எத்தனையோ நாள் அதை நினைத்துக் கூசிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு, தேரில் உலா வந்துகொண்டிருந்த நடராஜரை வேண்டினார். அந்த ரெண்டாம் நம்பர் வரக் கூடாது. பஸ் கிடைக்கக் கூடாது. கிடைத்தாலும் தேர்க் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு அக்கறையாக அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"வெயிட்டிங் லிஸ்ட் ரெண்டு, ரேகா" என்று கூப்பிட்டார் அந்த அம்மாள்.

"வந்துட்டோங்க" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

வேர்த்து ஒழுகியபடி ஓர் அம்மாளும் ஒரு பெண்ணும் உள்ளே நுழைந்தார்கள். கறுத்த, ஒல்லியான அம்மாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஒரு கையில் மஞ்சள் பை. இன்னொரு கையில், நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி, நாலு மூலையிலும் குங்குமம் வைத்த நீல ஃபைல்.

"எங்க ஃபைலப் பாக்குறதுக்கு முன்னாடி இதச் சொல்லிடுறேங்க" என்றாள் அவள் மூச்சு வாங்கியபடி. "இந்த ஃபைலு பஸ்ல கெடந்துது. இளவரசின்னு ஒரு புள்ளயோடது. இந்தக் காலேஜுக்குத்தான் வருதுபோல. அவுங்க வந்துட்டாங்களான்னு பாருங்க, பாவம், தேடிக்கிட்டிருப்பாங்க."

இளவரசிதான் முதலில் ஒரு சத்தம் போட்டாள். அது அழுகையா, மூச்சா என்று தெரியவில்லை. கொளஞ்சிக்குக் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தோன்றவில்லை, அப்படியே நின்றார்.

ஃபைலோடு வந்த அம்மாள் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "நீங்கதானாண்ணே? பின்னாடி ஏறிட்டீங்களா? நெரிசல்ல முன்னாடி வர முடியலையா? இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். ரெண்டு மூணு பேரு ஒக்கார வந்தாங்க. சீட்டுக்கு ஆள் வருதுன்னு சொல்லிட்டேன். சர்ட்டிபிகேட்டாச்சே, யாராவது கசக்கிட்டா? சிதம்பரத்துல எல்லாரும் எறங்குனப்புறமும் நீங்க வரல. அரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டுலயே நின்னோம். யார்கிட்டயாவது குடுத்துட்டு வரலாம்னா மனசு வரல. அப்புறம்தான் தொறந்து பாத்தோம்."

அவள் பெயர் சவரியம்மாள். கடலூருக்கு வடக்கே ரெட்டிச்சாவடி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. ரெட்டிச்சாவடியில் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே வந்தவளுக்குக் கடலூரில் ஒரே ஒரு சீட் கிடைத்தது. உட்காரக் குனிந்த நேரத்தில் கொளஞ்சியின் ஃபைல் வந்து விழுந்தது. அங்கிருந்து சிதம்பரம்வரை ஃபைல் ஜன்னலோரம், காற்றாட உட்கார்ந்து வந்தது. அவளும் அவள் மகளும் பக்கத்தில் நின்று அதற்குக் காவல் இருந்தார்கள்.

தான் அந்த பஸ்ஸிலேயே ஏறவில்லை என்பதை அவளிடம் சொல்ல கொளஞ்சிக்கு வாய் வரவில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஃபைலை வாங்கிப் பார்த்தார். சவரியம்மாளைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு வரலைன்னா சீட் உங்க பொண்ணுக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? லெட்டர்ல போட்டிருக்கே."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இவதான் படிச்சுச் சொன்னா" என்றாள் சவரியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரியும்ங்க" என்றாள்.

ரேகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் கையில் அவளுடைய ஃபைல் இருந்தது. அதைக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அட்மிஷன் போட இருபது நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது சவரியம்மாள் வேப்பமரத்தடியில் நின்று வாட்ச்மேனிடம், அடுத்த வருஷம் ஃபாரம் எந்த மாசம் கொடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இளவரசி ரேகாவின் அருகில் போய், என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தாள். ரேகா கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஒன் லெட்டரப் பாத்ததும் நான் ஃபைல பஸ் ஸ்டாண்டுலயே வச்சிட்டுப் போயிடலாம்னுதான் சொன்னேன். எங்கம்மாதான் கேக்கல."

அப்பாக்களும் அம்மாக்களும் பேசத் துணியாத இடத்தில் அந்தப் பெண் பேசிவிட்டாள். கொளஞ்சிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளாவது வைத்துவிட்டுப் போகத்தான் நினைத்தாள். அவர் அவளுக்குப் பஸ்ஸே கிடைக்கக் கூடாது என்று சாமியை அல்லவா வேண்டியிருந்தார்.

தேருக்காக நிறுத்திய வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, சாயங்காலம் நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றாகவே வந்தார்கள். தேர் பார்த்துத் திரும்புகிற கூட்டம் காலையைவிட ஜாஸ்தி. வரும் வழியில் கொளஞ்சி ஒரு தெருவோரக் கடையில் சிவப்புக் கரை போட்ட புதுத் துண்டு ஒன்று வாங்கியிருந்தார். எதற்கு என்று இளவரசி கேட்கவில்லை. கடலூர் வண்டி உள்ளே வந்தது. கொளஞ்சி ஓடினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை, அவ்வளவு அழகாகத் துண்டு விழுந்ததுமில்லை. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் முழு நீளத்துக்கு விரிந்து படுத்துக்கொண்டது.

முண்டியடித்து உள்ளே ஏறி, கூட்டத்துக்கு மேலாக எட்டிக் கூப்பிட்டார். "இந்தாம்மா, வாங்க. நீங்களும் பாப்பாவும் ஒக்காருங்க."

சவரியம்மாள் வண்டியின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பரவால்லண்ணே. நீங்க ஒக்காருங்க."

"ஒங்களுக்குத்தாம்மா புடிச்சேன்."

"எதுக்குண்ணே? ஒக்காந்தா இவளுக்கு வாந்தி வரும். எங்களுக்கு நின்னுதான் பழக்கம்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் கிடையாது. குத்தல் இருந்திருந்தால் கொளஞ்சி தாங்கியிருப்பார்.

ரேகா எதிர்ப் பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இளவரசி போய் அவள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். கொளஞ்சியால் உட்கார முடியவில்லை. அவரும் நின்றார். வண்டி புறப்பட்டது. அவ்வளவு நெரிசலிலும் அந்த சீட் மட்டும் காலியாக, துண்டோடு வந்தது. முட்லூர் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் போட்டுக்கொண்டு அந்த வரிசைக்கு வந்தார்.

"யாருதுய்யா இந்தத் துண்டு? சீட்டுக்கு ஆள் வருதா, இல்லியா?"

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். கொளஞ்சியும் மற்றவர்களைப் போலவே சுற்றிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வியர்த்து வந்த ஒரு தடித்த ஆசாமி துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம். ஆலப்பாக்கத்தில் இறங்கும்போது அந்த மனிதர் புதுத் துண்டால் முகத்தைத் துடைத்து, அதையே தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் திருமஞ்சனத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் ஆபீஸ். பதினோரு மணிக்கு சூப்பிரண்டு பெல் அடித்துக் கூப்பிட்டார். விஷயம் அதற்குள் ஏ-ஒன் சீட்டிலிருந்து பி-த்ரீ சீட் வரை பரவியிருந்தது.

"பாத்தியா கொளஞ்சி, சீட் கெடச்சிடுச்சு. சர்ட்டிபிகேட்டே இல்லாமப் போயும் குடுத்திருக்காங்கன்னா என்ன அர்த்தம்? நான் சொன்ன ஒரு வார்த்தைதான்யா." பி-த்ரீ சீட் ஆமாம் என்று தலையாட்டியது.

கொளஞ்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜைமேல் இருந்த காலி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

சாயங்காலம் நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. நாலு ஐம்பது ஆயிற்று. சூப்பிரண்டு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசலில் கொளஞ்சியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்னய்யா, இன்னும் பஸ் ஸ்டாண்டுக்குக் கௌம்பலியா?"

"துண்டு இல்ல சார்" என்றார் கொளஞ்சி.

சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சூப்பிரண்டு எதிரில் நிற்கும்போதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.